கத்துவாரு, கத்திக்கிட்டு இருக்காரு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், ஜன்னல் பக்கம் நான் வந்துக்கிடுதேன். எனக்குக் காத்து வேணும். இந்தக் கண்ணாடிய ஒரே இழுப்பா இழுத்து விட்டாத்தான் மூச்சே வரும். ஆங், இப்பச் சரி. பேப்பர் பறக்குதோ? மடிச்சு வச்சிருங்க, திருநவேலி போய்ப் படிச்சுக்கிடலாம்.

இங்கிலீஷ் பேப்பராலா வச்சிருக்கீங்க! சார் வாத்தியாரா? இல்லையா, பேங்கா? எதா இருந்தாலும் இங்கிலீஷ் தெரியும்லா, அது போதும். எனக்கு ஒரு நியாயம் சொல்லிட்டு இறங்குங்க. பத்து நாளா இத நெஞ்சுக்குள்ள வச்சிக்கிட்டு நான் வேகுதேன். கேட்டுட்டு, தப்பு எம்மேல இருந்தா எம்மேலன்னு சொல்லுங்க. இருக்காது. இருந்தாச் சொல்லுங்க.

எம் பேரு ஆறுமுகநயினார். சங்கரன்கோயில்ல மோட்டார் காயில் கட்டுத கட. கெணத்து மோட்டார், மாவு மில்லு மோட்டார் எல்லாம் எங்கிட்டதான் வரும். இப்பம் பாளையங்கோட்டைக்குப் போறேன், எம் மச்சினன் வீட்டுக்கு. எம் பொண்டாட்டி வடிவு அங்கதான் போயி உக்காந்திருக்கா. கோவிச்சிக்கிட்டுப் போனவ, போனது போகட்டும், எந் தங்கச்சி உலகம்மையையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிட்டா. இன்னைக்கி ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுத்தான் ஊருக்குத் திரும்பணும். திரும்புவேன். வராம எங்க போவாளுக?

எல்லாத்துக்கும் காரணம் இங்கிலீஷு. சிரிக்காதீங்க சார். அதுவும் அந்த வகுப்புல நான்தான் சேத்துவிட்டேன், இந்தக் கையாலயே. ஸ்பேர் பார்ட்ஸ் அனுப்புதவன் குஜராத்துக்காரன். அவன் போன்ல இங்கிலீஷ்ல பேசுவான், நான் எஸ்ஸு எஸ்ஸும்பேன், கடைசியில கேட்டது ஒண்ணு, வந்து எறங்குதது ஒண்ணு. சரி, வடிவு பன்னெண்டாப்பு படிச்சவதான, அவ கத்துக்கிட்டா கடைக்கி ஆகும்னு, ஜெபசெல்வி டீச்சர் நடத்துத ஸ்போக்கன் இங்கிலீஷ்ல கொண்டுபோயிச் சேத்தேன். அவளுக்கு இஷ்டமான்னா? இஷ்டமாத்தான் இருக்கும். பொழுது போகும்லா.

அந்த டீச்சர் பாடம் நடத்துதது ஒரு தினுசு. வீட்டுல ஒரு ஆளப் புடிச்சு, அவங்க தெனமும் என்னென்ன செய்வாங்கன்னு இங்கிலீஷ்ல பேசி, வாட்ஸ்அப் குரூப்புல போடணும். மத்தவ எல்லாம் மாமியாரு, பிள்ளன்னு புடிச்சிருக்காளுக. எம் பொண்டாட்டிக்கு என்னைய விட்டா ஆள் கெடைக்கல. "மை ஹஸ்பண்ட் கெட்ஸ் அப் அட் ஃபைவ். ஹி ட்ரிங்க்ஸ் டீ. ஹி ஷவுட்ஸ். ஹி கோஸ் டு தி ஷாப்."

கேட்டீங்களா? டீக்கும் கடைக்கும் நடுவுல.

குரூப்புல யாரெல்லாம் இருக்கான்னு நெனைக்கீங்க? எங் கடைக்கி எதுத்தாப்புல மெடிக்கல் வச்சிருக்காரு செண்பகராமன், அவரு பொண்டாட்டி இருக்கா. அவ வீட்டுல போட்டுக் காட்டியிருக்கா. மறுநாளு கடையத் தெறக்கேன், அந்தாளு அங்ஙன நின்னுக்கிட்டு, "என்ன நயினாரே, டீ குடிச்சாச்சா? அடுத்தது முடிஞ்சுதா, இல்ல நேரா கடைக்கி வந்துட்டீரா?"ன்னு கேக்கான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. பெறகு அவரே சொல்லுதாரு: "ஷவுட்ஸ்னு சொன்னா தெனமும் கத்துவாருன்னு அர்த்தம்வே. இஸ் ஷவுட்டிங்னா, இந்தா இப்பம், இந்த நிமிசம் கத்திக்கிட்டு இருக்காரு, அம்புட்டுத்தான். உம்ம வீட்டம்மா மொதல்ல உள்ளதத்தான் சொல்லியிருக்கு." கடத்தெருவே சிரிச்சிச்சு சார்.

நேரா வீட்டுக்குப் போனேன். "ஏட்டி, அன்னைக்கி டீ ஆறிப்போயிக் கெடந்துச்சு, அதுக்குக் கத்துனேன். அன்னைக்கி ஒரு நாளு. அப்பம் அந்த 'இங்'கப் போட்டுச் சொல்ல வேண்டியதான? என்னத்துக்கு எப்பவும் உள்ளதச் சொன்ன?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதான? அவ, "டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்"ன்னுட்டா. போயிக் கேட்டிருக்கா. அந்த டீச்சர் பொம்பள, "நேத்துக் கத்துனாரா?"ன்னாளாம். கத்துனாரு. "முந்தாநாளு?" கத்துனாரு. "நாளைக்கிக் கத்துவாரா?" இவ சிரிச்சாளாம். "அப்பம் நீ சொன்னதுதான் சரி"ன்னுட்டாளாம். நாளைக்கி நான் கத்துவேன்னு அவளுக்கு எப்படி சார் தெரியும்? அவ என்ன சோசியமா பாக்கா? மறுநாளு கத்துனேன், அது வேற விசயம். அவ அப்படிச் சொன்னதுக்காகக் கத்துனேன்.

என்ன கண்டக்டரே? டிக்கெட் எடுத்தாச்சு. என்னது, மெதுவாவா? நான் எங்கய்யா சத்தம் போட்டேன், சார்கிட்ட பேசிக்கிட்டுல்லா வாறேன். இதுதான் எங் கொரலு. மோட்டாருக்குப் பக்கத்துலயே நிக்கவன் கொரலு இப்படித்தான் இருக்கும். போங்க, அங்ஙன ரெண்டு பேரு ஏறியிருக்கான், பாருங்க.

அதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன் சார். சொல்ல வந்தது அது இல்ல. அடுத்தது கேளுங்க.

எந் தங்கச்சி உலகம்மைக்கி ஒரு எடம் வந்துச்சு. தென்காசியில மாப்பிள்ள, சொந்தமா ரெண்டு கட, நல்ல குடும்பம். அவள வளத்தது நான் சார். அம்மையும் அய்யாவும் போகும்போது அவ ரெட்டச் சடை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போற பிள்ள. கேரியர்ல உக்கார வச்சு நான்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடுவேன். சடையும் நான்தான் பின்னி விடுவேன், காயில் கட்டுத கையில்லா, சடை அப்படி இறுக்கமா நிக்கும். வலிக்குன்னு ஒரு நாளு சொல்லமாட்டா. நர்ஸுக்குப் படிக்க வச்சது யாரு? நானு. அவ கேட்டாளான்னா? அவ எங்க கேட்டா, நான்தான் சேத்தேன். நல்லாப் படிச்சா, எங்க ஊர் ஆசுபத்திரியிலயே வேலையும் கெடைச்சிச்சு. ராத்திரி டூட்டி முடிச்சு வந்தாலும் மொகம் தெளிவா இருக்கும், அந்த வேலை மேல அப்படி ஒரு பிரியம்.

மாப்பிள்ள வீட்டுல போன் பண்ணி, "பொண்ணு வேலைய விட்டுரணும், எங்க வீட்டுல பொம்பளைக வேலைக்கிப் போற வழக்கம் இல்ல"ன்னாங்க. நான் அப்பம் ஒரு மோட்டாரக் கழட்டிப் போட்டு உக்காந்திருந்தேன். "அதுக்கென்ன, விட்டுருவா"ன்னு சொல்லிட்டேன். அவகிட்ட கேட்டேனான்னா? என்ன சார் நீங்களும் அதையே கேக்கீங்க! நல்ல எடம் வருது, அண்ணன் சொன்னாச் செய்யமாட்டாளா? இம்புட்டு நாளும் செஞ்சாள்லா?

பொண்ணு பாக்க வந்தாக. மாப்பிள்ள, அவுக அம்மை, ரெண்டு மூணு பொம்பளைக, அப்புறம் மாப்பிள்ளைக்கிப் பெரியப்பா, ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆன மனுசன். ஹால்ல எல்லாரையும் உக்கார வச்சேன். கேசரி, வடை, காப்பி. உலகு உள்ள ரூம்ல சேலை கட்டிக்கிட்டு இருக்கா. அன்னைக்கிக் காலைல மாப்பிள்ளையோட அக்காக்காரி போன்ல அவகிட்ட, "வேலைய விட எழுதிக் குடுத்துட்டியா?"ன்னு கேட்டிருக்கா. அப்பத்தான் இவளுக்குத் தெரியும். அதுல இருந்து அழுக. நான் போயி, "மொகத்தக் கழுவு, வந்தவங்க முன்னால நல்லா இருக்காது"ன்னு சொல்லிட்டு வந்து, ஹால்ல சிரிச்சிக்கிட்டு உக்காந்தேன். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?

இப்பம் அந்த டீச்சரோட இன்னொரு கூத்தச் சொல்லணும். அவ எந்நேரமும் போன் பண்ணுவா. காலைலயும் பண்ணுவா, அடுப்புல பால் பொங்கும்போதும் பண்ணுவா. எடுத்த ஒடனே "வாட் ஆர் யூ டூயிங்?"னு கேப்பா. போன ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வச்சிட்டு, கண்ணு முன்னால என்ன நடக்கோ அதச் சத்தமா இங்கிலீஷ்ல சொல்லணும். பெறகு பேசுதேன்னு சொல்லக் கூடாது, யாரு இருந்தாலும் நிறுத்தக் கூடாது. கூச்சம் போகணுமாம். சொல்லாதவ மறுநாளு வகுப்பு முச்சூடும் நின்னுக்கிட்டே இருக்கணும். இவளும் அதச் சாமி உத்தரவு மாதிரி எடுத்துக்கிட்டா. ஒருக்கக் கோயில்ல கும்புட்டுக்கிட்டு நிக்கும்போது போன் வந்துச்சு, "ஐ ஆம் ப்ரேயிங்"னா. பூசாரியே திரும்பிப் பாத்தாரு.

காப்பி குடுத்துக்கிட்டு இருக்கோம் சார், ஹால்ல போன் அடிக்கி. வடிவு எடுத்தா. ஸ்பீக்கரப் போட்டா. "வடிவு, வாட் ஆர் யூ டூயிங்?"ங்கா அந்தப் பொம்பள.

நான் கண்ணக் காட்டுதேன், நிறுத்துன்னு. வடிவு என்னையப் பாத்தா. பாக்காமச் சொன்னா தெரியாமச் சொன்னான்னு விட்டுருவேன். பாத்தா சார். பாத்துட்டு, அந்த ரூம் கதவயும் ஒருக்கப் பாத்துட்டுச் சொன்னா: "ஐ ஆம் சர்விங் காஃபி. மை ஹஸ்பண்ட் இஸ் ஸ்மைலிங். மை சிஸ்டர் இன் லா இஸ் க்ரையிங் இன் தி ரூம். நோபடி இஸ் ஆஸ்கிங் ஹெர்."

"வெரி குட்"னாளே சார் அந்த டீச்சரு! போன வச்சிட்டா.

எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல, நானும் சிரிச்சிக்கிட்டே இருக்கேன். எம் பொண்டாட்டி இங்கிலீஷ் பேசுதான்னு கொஞ்சம் பெருமை வேற. அந்த ரயில்வே பெரியப்பா டம்ளரக் கீழ வச்சாரு. "தம்பி, உள்ள அந்தப் பிள்ள அழுதுக்கிட்டு இருக்கா?"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டிச்சு. சமாளிச்சிக்கிட்டு, "பொண்ணு பாக்க வந்தா பொண்ணுக அழுவாங்க, வழக்கம்தான"ன்னேன். அவரு என்னையே பாத்தாரு. "நான் பொண்ணுகளக் கேக்கல. அந்தப் பிள்ளையக் கேக்கேன்"னாரு.

எந்திரிச்சிட்டாக சார். வச்ச கேசரி வச்சபடி இருக்கு. வாசப்படி தாண்டும்போது அந்தப் பெரியப்பா எந் தோள்ல கையப் போட்டு, "கேட்டுட்டுச் சொல்லுங்க தம்பி, அவசரமில்ல"ன்னுட்டுப் போனாரு. அந்தத் தெருவே பாத்துக்கிட்டு நிக்கி.

இப்பம் நியாயத்தச் சொல்லுங்க. நீங்க இங்கிலீஷ் தெரிஞ்சவரு. வடிவு என்ன சொல்லியிருக்கணும்? பொண்ணுக அழுவாங்கன்னு, எப்பவும் உள்ளதா, பொதுவாச் சொல்லியிருந்தா யாரு கேக்கப் போறா? எல்லா வீட்டுலயும் உள்ளதுதானன்னு கேசரியத் தின்னுட்டுப் போயிருப்பாங்க. அங்க போயி, இந்தா இப்பம் அழுதுக்கிட்டு இருக்கான்னு சொல்லணுமா? எனக்கு மட்டும் தெனமும் கத்துவாருன்னு எப்பவும் உள்ளது, அவளுக்கு மட்டும் இந்த நிமிசமா? மாத்திச் சொல்லியிருந்தா ரெண்டு பேரு மானமும் தப்பிச்சிருக்கும். அவ்வளவு படிச்சவளுக்கு எத எங்க சொல்லணும்னு தெரியல பாருங்க!

அன்னைக்கிக் கத்துனேன். ஒத்துக்கிடுதேன். எவனா இருந்தாலும் கத்துவான். போனப் புடுங்கிட்டேன், இனிமே வகுப்பும் கெடையாது ஒரு மண்ணும் கெடையாதுன்னுட்டேன். உலகு கதவத் தெறந்துக்கிட்டு வந்தா, அந்தச் சேலையோடயே. என்னைய ஒரு வார்த்த சொல்லல. நேரா வடிவுகிட்டப் போயி, "மயினி"ன்னு கட்டிப்புடிச்சிக்கிட்டு அழுதா. தூக்கி வளத்த அண்ணன் இங்ஙன நிக்கேன், அவ அங்ஙன போயி அழுதா! அது எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எவனாவது கேட்டானா? வயிறு எரிஞ்சுபோச்சு சார். இன்னும் எரியுது.

வெயில் தாழ ரெண்டு பேரும் பையத் தூக்கிட்டாளுக. வடிவு கத்தல, அழல. நடையில நின்னுக்கிட்டு, "உலகுகிட்ட, ஒனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்த கேளுங்க. கேட்டுட்டுக் கூப்பிடுங்க, வாறேன்"னா. நான் என்னத்தக் கேக்க? அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? பால்குடி மறந்ததுல இருந்து எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் எதுக்குக் கேக்கணும்? கேக்கவனுக்குத்தான் தெரியாது.

சரி, கோவம், நாலு நாள்ல ஆறும்னு இருந்தேன். பத்து நாளாச்சு. ஒரு போன் உண்டா? கட்டுன புருசன் சாப்பிட்டானா கெடந்தானான்னு ஒரு போன் பண்ணுனாளா? கல்நெஞ்சுக்காரி.

என்னது? அவ போனுதான் எங்கிட்ட இருக்கேன்னா? ஆமா, இருக்கு, இந்தா சட்டப் பையில இருக்கு. அதனால என்ன சார்? மச்சினன் வீட்டுல போன் இல்லையா? நான் ஒண்ணும் அத அணைச்சுப் போடல, தெனமும் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். அதுல அவ பேசுனது எல்லாம் அப்படியே கெடக்கு. வீட்டுல சத்தமே இல்லாம இருக்குல்லா, சோறு வடிச்சு உக்காந்து அதப் போட்டுக் கேப்பேன். "ஹி ட்ரிங்க்ஸ் டீ"ம்பா. கொரலு எப்படி இருக்கும் தெரியுமா சார், கொஞ்சம் பயந்துக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையா, புதுச் செருப்பு போட்டு நடக்க மாதிரி. அடுத்தது அந்த ஷவுட்ஸ் வரும். அந்த எடம் வரும்போது எனக்கு மறுபடியும் கோவம் வரும், நிறுத்திருவேன். பெறகு மறுபடியும் போடுவேன்.

என்னம்மா முன்சீட்டு? பிள்ள முழிச்சிருச்சா? நானா? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வாறேன், ஒம் பிள்ள முழிச்சா நான் என்ன செய்ய? தட்டிக்குடு, தூங்கும்.

இருங்க சார், போன் அடிக்கி. எம் போன் இல்ல, அவ போனு. மச்சினன் நம்பர்! பாத்தீங்களா, பாத்தீங்களா, நான் சொன்னேன்லா, வராம எங்க போவாளுக? வழிக்கி வந்துட்டாளுக. இருங்க, எதுல அமுக்கணும், இது வேற அவ ஸ்பீக்கர்ல போட்டது போட்டபடியே இருக்கு. கேட்டா கேக்கட்டும், நல்லாக் கேக்கட்டும்.

ஹலோ! யாரு, உலகா? என்னைய எதுக்குக் கூப்பிடுத, நான்தான் பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன்லா. இன்னும் மானூரே வரலட்டி. நீ பையக் கட்டி வையி. என்னது? எங்க? பாளையங்கோட்டையில ஆசுபத்திரியிலயா? இன்னைக்கி வேலைல சேந்துட்டியா? எந்த ஆசுபத்திரி? மயினியுமா? முன்னால உக்காந்து போன் எடுத்து இங்கிலீஷ்ல பேசுத வேலையா? அவளுக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா? எங்கிட்ட சொல்லாமலா? ஏட்டி, நான் அண்ணன்னு ஒருத்தன் இருக்கேன்லா! வீடு, ஊரு, வேலை எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிருவீங்க, நான் என்ன மரக்கட்டையா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒங்க ரெண்டு பேருக்கும் தோணலையா? அது என் வாழ்க்கைதானட்டி! ஒரு வார்த்த கேட்டீங்களாட்டி?

உலகு? ஹலோ?

வைக்கல சார். லைன்லதான் இருக்கா. மூச்சுச் சத்தம் கேக்கு. ஏட்டி, பேசு!

ஏன் சார், நீங்க ஏன் தலையக் குனிஞ்சிக்கிட்டீங்க? கண்டக்டரு ஏன் அங்ஙன நின்னு என்னையப் பாக்காரு? ஏம்மா, நீ என்ன அப்படிப் பாக்க? நான் இப்பம் என்ன சொல்லிட்டேன்? என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையேன்னு சொன்னேன். அது தப்பா? என்கிட்ட ஒரு வார்த்த...

வச்சிட்டா.

இல்ல, நானா அமுக்கிட்டேனோ என்னமோ. கோவத்துல வெரலு பட்டிருக்கும்.

தண்ணி வேண்டாம், வச்சிக்கிடுங்க. மானூரு வந்துட்டு. இன்னும் எம்புட்டு நேரம் ஆகும் பாளையங்கோட்டைக்கி? போயி நடையில நிப்பேன். உலகு வருவா. வந்து நிப்பா. நான் என்னத்தச் சார் கேக்க? எனக்கு வாய்ல வரணுமே. எவன்கிட்டயும் கேட்டுப் பழக்கம் இல்லையே. மோட்டாரக் கழட்டுனா உள்ள எங்க கருகியிருக்குன்னு நானே கண்டுபுடிப்பேன், மோட்டார்கிட்டயா கேக்க முடியும்?

அவளுக்கு என்ன வேணும்னு கேக்கதாம். ஒரு வார்த்ததாம்.

சார். கண்ணு ஏன் உங்களுக்கு இப்படிச் செவந்து கெடக்கு? தண்ணியா வடியுது. தூசியா? காத்தா? சங்கரன்கோயில்ல இருந்தா? சொல்ல வேண்டியதான? வாயில்லையா உங்களுக்கு?

இல்ல... இருங்க. அது வேண்டாம்.

சார், இந்த ஜன்னல் தெறந்தே இருக்கட்டுமா? இல்ல அடைக்கட்டுமா? உங்களுக்கு எப்படி வேணும்?

என்ன முழிக்கீங்க? கேக்கேன்ல சார்? பதில் சொல்லுங்க!